"கம்பெனி நார்ம்ஸ்படி எதுவானாலும் ஓகே சார்": அந்த ஒரு வரி எனக்கு வைத்த செலவு



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ், வரி பற்றித்தான் பேசுவோம். இன்னைக்கு இன்டர்வியூ பற்றி. "இதுக்கும் பர்சனல் ஃபைனான்ஸுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கலாம். என் வாழ்க்கையில் நான் பண்ணின ரொம்ப காஸ்ட்லியான தப்பு எந்த ஷேர்லயும் இல்லை, எந்த பாலிசியிலும் இல்லை. ஒரு இன்டர்வியூவோட கடைசி அஞ்சு நிமிஷத்தில் நான் சொன்ன ஒரே ஒரு வரியில்தான் இருந்தது.

2015-ல் காலேஜ் முடிச்சு சேர்ந்த கம்பெனியிலேயே ஏழு வருஷம் இருந்தேன். ரிப்போர்ட்டிங் டீம். நல்ல மேனேஜர், வருஷா வருஷம் ஒரு அப்ரைசல், மதியம் எல்லாரும் ஒண்ணா சாப்பாடு. வேற எங்கேயும் ரெஸ்யூம் அனுப்பணும்னு தோணவே இல்லை. 2022-ல் எங்க ப்ராஜெக்டை மூடப் போறாங்கன்னு பேச்சு கிளம்பிச்சு. அப்போ என் நிலைமை இதுதான்: கூடுவாஞ்சேரி ஃப்ளாட்டுக்கு மாசம் 24,600 ரூபாய் இஎம்ஐ. மனைவி பிரசவத்துக்காக வேலையை விட்டிருந்த நேரம். சேவிங்ஸ் அக்கவுன்ட்ல 52,000 ரூபாய்.

ஏழு வருஷம் கழிச்சு முதல் இன்டர்வியூ. வீட்டு ஹால்ல லேப்டாப் முன்னாடி சட்டையை மட்டும் அயர்ன் பண்ணிப் போட்டுட்டு உட்கார்ந்தேன். "உங்களைப் பத்தி சொல்லுங்க"ன்னாங்க. சொந்த ஊர், காலேஜ் பேர், டிகிரியில் வாங்கின பர்சன்டேஜ் எல்லாம் வந்துச்சு. ஏழு வருஷ வேலை ரெண்டே வாக்கியத்தில் முடிஞ்சிடுச்சு. முப்பது வயசுக்காரன் ஃப்ரெஷர் மாதிரி பேசிட்டு இருந்தேன்.

கடைசியா எச்ஆர் கேட்டாங்க: "என்ன சம்பளம் எதிர்பார்க்கறீங்க?"

"கம்பெனி நார்ம்ஸ்படி எதுவானாலும் ஓகே சார்."

கேட்டது ஒரு மேடம். அந்த பதட்டத்தில் அவங்களைப் போய் சார்னு கூப்பிட்டேன். அது போகட்டும். வேலை கிடைச்சுது, பழைய சம்பளத்துக்கு மேல 10% ஏத்திக் கொடுத்தாங்க. வீட்டில் கேசரி பண்ணிக் கொண்டாடினோம்.

அஞ்சு மாசம் கழிச்சு, எங்க டீமுக்கே ஆள் எடுக்கிற பேனல்ல என்னையும் உட்கார வச்சாங்க. அப்போதான் என் பதவிக்கு அந்த கம்பெனி வச்சிருந்த சம்பள ரேஞ்சைப் பார்த்தேன். அந்த ரேஞ்சோட ஆரம்பமே என் சம்பளத்தைவிட வருஷத்துக்கு 80,000 ரூபாய் மேல இருந்துச்சு. யாரும் என்னை ஏமாத்தலை. நான் எதுவும் கேட்கலை, அவங்களும் கொடுக்கலை. அவ்வளவுதான்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். வருஷா வருஷம் எல்லாருக்கும் 8% இன்கிரிமென்ட்னு வச்சுப்போம். அந்த 80,000 இடைவெளியும் சேர்ந்து 8% வளரும். பத்து வருஷத்தில் மொத்தம் சுமார் 11.6 லட்சம். அதை முதலீடு பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இதில் சேர்க்கவே இல்லை. மாசம் 500 ரூபாய் மிச்சம் பண்ண ஓடிடி சப்ஸ்கிரிப்ஷனை கட் பண்ணிட்டு இருந்த ஆள் நான்!

துரு பிடிச்சது எது?

ரொம்ப வருஷம் கழிச்சு இன்டர்வியூ போறவங்க உடனே செய்யறது என்ன? ஒரு கோர்ஸ் வாங்குவாங்க. இல்லைன்னா "டாப் 50 கேள்வி பதில்" படிப்பாங்க. தப்பு இல்லை, டெக்னிக்கல் ரவுண்டுக்கு அதுவும் வேணும். ஆனா தினமும் எட்டு மணி நேரம் செய்யற வேலை நமக்கு மறக்கறதில்லை. மறந்து போறது ரெண்டு விஷயம். ஒண்ணு, நம்ம வேலையை வெளி ஆளுக்குப் புரியற மாதிரி சொல்றது. ரெண்டாவது, அதுக்கு ஒரு விலை சொல்றது.

நான் அடிச்சுச் சொல்ற கருத்து இது: இந்த ரெண்டையுமே பயத்தோட இருக்கும்போது கத்துக்க முடியாது. அதனால இன்டர்வியூ தயாரிப்பு ரெஸ்யூம்ல ஆரம்பிக்கக் கூடாது, பேங்க் அக்கவுன்ட்ல ஆரம்பிக்கணும்.

முதல்ல காசு, அப்புறம் ரெஸ்யூம்

அன்னைக்கு என் வாய் அந்த வரியைச் சொல்லக் காரணம் 52,000 ரூபாய். அடுத்த இஎம்ஐ-யும் அதுக்கு அடுத்ததும் போனா கையில் ஒண்ணும் இருக்காது. அந்த நிலைமையில் இருக்கிறவன்கிட்ட "எவ்வளவு வேணும்?"னு கேட்டா, "வேலை கொடுங்க, போதும்"னுதான் பதில் வரும்.

எமர்ஜென்சி ஃபண்ட் பற்றிப் பேசும்போதெல்லாம் வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ உதவும்னு சொல்றோம். வேலை இருக்கும்போதே அது செய்யற ஒரு வேலையை யாரும் சொல்றதில்லை. "இந்த ஆஃபர் எனக்கு சரிப்படாதுங்க"ன்னு சொல்ல அதுதான் தைரியம் கொடுக்குது.

வாடகை அல்லது இஎம்ஐ, மளிகை, ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கு அனுப்பறதுன்னு தவிர்க்க முடியாத செலவு மாசம் 45,000-னு வச்சுப்போம். ஆறு மாசத்துக்கு 2.7 லட்சம். ஒரே நாளில் வராது, தெரியும். மூணு மாசச் செலவு, அதாவது 1.35 லட்சம் சேர்ந்தாலே உங்க குரல் மாறும். எஃப்டி-யிலோ லிக்விட் ஃபண்ட்லயோ இருக்கட்டும். ஷேர்ல வேண்டாம். ஆட்குறைப்பும் மார்க்கெட் சரிவும் ஒண்ணா வரலாம்.

கூடவே குடும்பத்துக்கு தனியா ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ். கம்பெனி குரூப் பாலிசி பொதுவா கடைசி வேலை நாளோட முடிஞ்சிடும். ரெண்டு வேலைக்கு நடுவுல இருபது நாள் கேப் இருந்தா, அந்த இருபது நாளும் அப்பா அம்மாவுக்கு கவர் இல்லை.

"நாங்க" என்ற வியாதி

அந்த இன்டர்வியூவில் இன்னொண்ணும் நடந்துச்சு. "நாங்க ரிப்போர்ட்டை ஆட்டோமேட் பண்ணோம், நாங்க டெலிவரி கொடுத்தோம்"னு நான் சொல்லிட்டே போக, அவர் பொறுமையா கேட்டார்: "அதில் நீங்க என்ன பண்ணீங்க?" எனக்கு பதில் வரலை. வேலையைச் செஞ்சது நான்தான். ஆனா "நான் செஞ்சேன்"னு சொல்ல கூச்சமா இருந்துச்சு.

நம்ம வீடுகள்ல அப்படித்தானே வளர்ந்திருக்கோம்? தன்னைத்தானே புகழ்ந்து பேசினா, "ரொம்ப பீத்திக்காதே"ன்னு அம்மாவே சொல்லுவாங்க. அது நல்ல குணம்தான். ஆனா எதிரில் இருக்கிறவருக்கு உங்களை நாற்பது நிமிஷம்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்றது தற்பெருமை ஆகாது.

இதுக்கு ஒரு சின்ன பழக்கம் போதும். ஒவ்வொரு மாசமும் சம்பளம் வர்ற அன்னைக்கு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஒரு நோட்டில் மூணே வரி: என்ன பிரச்சினை இருந்துச்சு, நான் என்ன செஞ்சேன், அதனால என்ன மாறிச்சு. கடைசி வரியில் முடிஞ்ச வரைக்கும் ஒரு நம்பர் இருக்கட்டும்.

"நாங்க ஒரு ரிப்போர்ட்டை ஆட்டோமேட் பண்ணோம்" என்பது காத்துல போயிடும். "வாரா வாரம் ரெண்டு பேர் ஆறு மணி நேரம் உட்கார்ந்து செஞ்ச ரிப்போர்ட். நான் எழுதின மேக்ரோவால அது 40 நிமிஷம் ஆச்சு" என்பது நிக்கும். ஐடி-யில் மட்டும்தான் இது முடியும்னு நினைக்காதீங்க. அக்கவுன்ட்ஸ்ல இருந்தா மாசக் கணக்கு முடிக்க எத்தனை நாள் குறைஞ்சுது, சேல்ஸ்ல இருந்தா வராத பாக்கி எவ்வளவு வசூலாச்சு, ஃபேக்டரியில் இருந்தா ரிஜெக்‌ஷன் எவ்வளவு இறங்குச்சு. எல்லா வேலைக்கும் ஒரு நம்பர் உண்டு.

நோட்டே இல்லாம அஞ்சாறு வருஷம் ஓடிட்டா என்ன பண்றது? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்க. பழைய அப்ரைசல் ஃபார்ம்கள், மேனேஜர் பாராட்டி அனுப்பின மெயில்கள், லீவ் போட முடியாம தவிச்ச மாசங்கள்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்துங்க. கஷ்டப்பட்ட மாசத்தில்தான் கதை இருக்கும். ஏழெட்டு சம்பவம் தேறினா போதும். அதில் ஒண்ணு நீங்க தப்பு பண்ணி திருத்தினதா இருக்கட்டும், அதையும் கேட்பாங்க. ஒரு எச்சரிக்கை: உங்க வார்த்தையில் எழுதுங்க. ஆபீஸ் ஃபைலை சொந்த மெயிலுக்கு அனுப்பாதீங்க, கிளையன்ட் பேரை வெளியே சொல்லாதீங்க. அதனாலேயே வேலை போகலாம்.

வாயைத் திறந்து பழகணும்

மனசுக்குள்ள பதில் அருமையா இருக்கும். வாயில் வரும்போதுதான் தடுமாறும். முக்கியமா நம்ம ஊர்ல டீம் முழுக்க தமிழா இருந்தா, வருஷக்கணக்கில் தொடர்ச்சியா பத்து நிமிஷம் இங்கிலீஷ் பேசற சந்தர்ப்பமே வந்திருக்காது.

போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. "உங்களைப் பத்தி சொல்லுங்க" கேள்விக்கு ரெண்டு நிமிஷம். இப்போ என்ன செய்யறீங்க, இதுவரைக்கும் செஞ்ச பெரிய விஷயம் எது, ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க. இந்த வரிசை போதும். ஸ்கூல் மார்க் வேண்டாம். முதல் ரெக்கார்டிங்கை கேட்டா அழுகை வரும், எனக்கு வந்துச்சு. எட்டாவது தடவை ஓரளவு மனுஷன் பேசற மாதிரி இருக்கும்.

அப்புறம் பழைய டீம்ல இருந்து வெளியே போன ஒருத்தருக்கு போன் பண்ணுங்க. "அண்ணா, அரை மணி நேரம் என்னைக் கேள்வி கேளுங்க"ன்னு கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. நீங்க இல்லாத இந்த வருஷங்கள்ல இன்டர்வியூ முறை எப்படி மாறியிருக்குன்னும் அவங்களுக்குத் தெரியும்.

முதல் போன் வர்றதுக்கு முன்னாடி மூணு நம்பர்

சம்பளப் பேச்சு கடைசி ரவுண்ட்லதான் வரும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. ரெக்ரூட்டர் பண்ற முதல் போன்லயே மூணும் கேட்பாங்க: இப்போ சிடிசி எவ்வளவு, எதிர்பார்க்கறது எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். நீங்க பஸ்ல நின்னுட்டு இருப்பீங்க. அப்போ வாயில் வர்ற நம்பர் கடைசி வரைக்கும் உங்க கூடவே வரும். அதனால முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க.

முதல் நம்பர், உங்க சம்பளம் உண்மையில் எவ்வளவு. சிடிசி 9 லட்சம்னு ஒரு உதாரணம் எடுப்போம். பேசிக் 40%, அதாவது 3.6 லட்சம். கம்பெனி போடற பிஎஃப் (பேசிக்ல 12%) 43,200. கிராஜுவிட்டி ஒதுக்கீடு (4.81%) சுமார் 17,300. வேரியபிள் 90,000. இன்ஷூரன்ஸ் 12,000. இதெல்லாம் போனா மாசம் சுமார் 61,450. அதில் உங்க பங்கு பிஎஃப் 3,600 போக, கையில் 57,850 சொச்சம். தொழில் வரி தனி. 9 லட்சத்தை 12-ஆல வகுத்தா வர்ற 75,000 உங்க அக்கவுன்ட்டுக்கு எந்த மாசமும் வராது.

இப்போ புது இடத்தில் 11.5 லட்சம்னு ஆஃபர் வருது. 28% ஹைக்! ஆனா அங்கே பேசிக் 50%, வேரியபிள் 20%. கணக்கு போடுங்க. கம்பெனி பிஎஃப் 69,000, கிராஜுவிட்டி சுமார் 27,650, வேரியபிள் 2.3 லட்சம், இன்ஷூரன்ஸ் 12,000. மீதியை மாசத்துக்குப் பிரிச்சு, உங்க பிஎஃப் 5,750-ஐயும் கழிச்சா கையில் சுமார் 61,860. சிடிசி ரெண்டரை லட்சம் ஏறிச்சு, மாசச் செலவுக்கு வர்றது 4,000 ரூபாய் கூட. பிஎஃப் கூடறது நல்லதுதான், அது உங்க காசு. ஆனா அந்த 2.3 லட்சம் வேரியபிள் முழுசா வருமா? "போன ரெண்டு வருஷம் எத்தனை சதவீதம் கொடுத்தீங்க?"னு தாராளமா கேட்கலாம். கேட்டதுக்காக யாரும் ஆஃபரை கேன்சல் பண்ண மாட்டாங்க.

ரெண்டாவது நம்பர், எதிர்பார்க்கற சம்பளம். உங்க அனுபவத்துக்கு வெளியே என்ன போகுதுன்னு குறைஞ்சது மூணு பேர்கிட்ட கேளுங்க. பிறகு ரெண்டு எண் எழுதுங்க. ஒண்ணு வாயால சொல்றது, இன்னொண்ணு அதுக்குக் கீழே போனா எழுந்துடறது. ரெண்டாவதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. முதல் எண்ணைச் சொன்ன பிறகு பேசாம இருங்க. "பட்ஜெட் இல்லைன்னா பரவாயில்லைங்க, குறைச்சுக்கலாம்"னு நீங்களே சேர்த்துச் சொல்லாதீங்க. அந்த மௌனம் ஒரு யுகம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

மூணாவது நம்பர், வெளியே வர ஆகும் செலவு. நோட்டீஸ் 90 நாளா, புது இடத்தில் 30 நாளில் வரச் சொல்றாங்களா? மீதி 60 நாளை பை-அவுட் பண்ண பழைய கம்பெனி விடுமா? பிடித்தம் பேசிக் மேலயா, மொத்த சம்பளத்து மேலயா? மேல சொன்ன உதாரணத்தில் பேசிக்னா 60,000 ரூபாய், மொத்த சம்பளம்னா சுமார் 1.23 லட்சம். உங்க பழைய ஆஃபர் லெட்டரை எடுத்து இன்னைக்கே படிங்க. அதேபோல, அஞ்சு வருஷம் முடிய சில மாசம் பாக்கின்னா அவசரப்படாதீங்க. 30,000 பேசிக்குக்கு அஞ்சு வருஷ கிராஜுவிட்டி சுமார் 86,500 ரூபாய். பழைய பிஎஃப்-ஐ எடுத்துச் செலவு பண்ணாம புது அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. தொடர்ச்சியா அஞ்சு வருஷம் ஆகாம எடுத்தா வரியும் வரும்.

இருக்கிற வேலைக்கு இது துரோகமா?

என் கருத்துக்கு எதிரா ஒரு நியாயமான கேள்வி இருக்கு. வேலை மாற எண்ணமே இல்லாம இன்டர்வியூ போறது இருக்கிற கம்பெனிக்கும் கூப்பிடறவங்களுக்கும் செய்யற துரோகம் இல்லையா?

சும்மா ஆஃபர் லெட்டர் வாங்கி அதைக் காட்டி சம்பளம் ஏத்திக்கற வேலையை நான் சொல்லலை. அது ரொம்ப நாள் ஓடாது. என் விதி ஒண்ணுதான்: ஆஃபர் நல்லா இருந்தா உண்மையிலேயே சேருவேன்னு தோணற இடத்துக்கு மட்டும் போங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். அதே மாதிரி, ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை தாவிக்கிட்டே இருக்கணும்னும் சொல்லலை. ஒரே இடத்தில் பத்து வருஷம் சந்தோஷமா இருக்கறவங்களை எனக்குத் தெரியும். அவங்களும் வெளியே தன் மதிப்பு என்னன்னு தெரிஞ்சு இருக்கறதுக்கும், தெரியாம இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதல்ல சொன்னது விருப்பம், ரெண்டாவது மாட்டிக்கிறது.

மூணு வருஷம் கழிச்சு, 2025-ல், நான் திரும்ப இன்டர்வியூ போனேன். இந்த தடவை யாரும் ப்ராஜெக்டை மூடலை. அஞ்சு மாசச் செலவு எஃப்டி-யில் இருந்துச்சு, நோட்டில் பதினோரு கதை இருந்துச்சு. முதல் இடத்தில் நான் சொன்ன எண்ணைக் கேட்டுட்டு, "சொல்றோம்"னாங்க. அப்புறம் போனே வரலை. வலிச்சுது. ஆனா அந்த மாசமும் இஎம்ஐ தேதியில் போச்சு, மகளோட ஸ்கூல் ஃபீஸும் கட்டினேன். ரெண்டாவது இடத்தில் எண்ணைச் சொல்லிட்டு வாயை மூடிட்டு இருந்தேன். நான் கேட்டதைவிட கொஞ்சம் குறைச்சாங்க, நான் எழுதி வச்சிருந்த கீழ் எண்ணைவிட மேலதான் இருந்துச்சு. சேர்ந்துட்டேன்.

திறமையில் அந்த மூணு வருஷத்தில் நான் பெருசா மாறிடலை. அன்னைக்கு 52,000 ரூபாயோட உட்கார்ந்திருந்தவனும் இதே ஆள்தான்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க: உங்க ஆஃபர் லெட்டரையும் போன மாச பே-ஸ்லிப்பையும் பக்கத்தில் வச்சு, கையில் வர்றது எவ்வளவு, வெளியே வர எவ்வளவு ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"ன்னு கேட்டப்போ நீங்க கடைசியா சொன்ன பதில் என்ன? அதை கமெண்ட்ல சொல்லுங்க. என்னோடதைவிட மோசமான பதில் யார்கிட்டயாவது இருக்கான்னு பார்ப்போம்.